கிணற்றில் எத்தனை தொடி

குன்னத்துகால்,
ஆகஸ்ட் 10, ஞாயிறு, காலை பதினொரு மணி.

அன்பு மகள் நீதுவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம், அங்கே உன் சுகத்துக்கு எழுதவும் என்று தொடங்கத்தான் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். முதல் பாதியை இந்தத் தடவை எழுத முடியவில்லை. இரண்டாம் பாதியை மட்டும் எழுதுகிறேன். உன் சுகத்துக்கு எழுது, மக்கா. ஒரு வரி போதும்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது. நான் வாயைத் திறந்தால் தமாஷ்தான் வருகிறது, அது எனக்கு ஒரு வியாதி. வேதமணியின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட என் வாய் என்னமோ சொல்ல வந்தது. பல்லைக் கடித்துப் பிடித்தேன். அதனால்தான் கடிதம். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதித் தோற்றவன் நான், பேனா பிடித்தால் தமாஷ் வராது, பயம்தான் வரும். இன்றைக்கு அது நல்லது.

இந்தத் தாள்களை அனூஜ் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். வாசிக்காமல் எடுப்பேன் என்று உன் தம்பி சத்தியம் செய்கிறான். வாசிப்பான். வாசிக்கட்டும், அவனுக்கும் தெரிய வேண்டியதுதான்.

நீ அம்மாவுக்கு அனுப்பிய செய்தியை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். படிப்பை நிறுத்துகிறேன், இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று, இனி ஒரு ஆற்றையும் ஓடுகிற ஒரு சின்னத் தோட்டையும் கம்ப்யூட்டரில் வரைய மாட்டேன், என் கணக்கு ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். உன் அம்மா வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்றைக்கு எனக்கும் விஷயம் தெரியாது. நானும் அவளைப் பார்த்தேன். இப்போது தெரியும். தெரிந்து மூன்று நாளாகிறது.

வேதமணி மாமன் போனது உன் கணக்கால் இல்லை. என்னால்.

ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைக்காதே. எப்படி என்று எழுதுகிறேன், நீயே பார்.

ஜனவரி ஐந்தாம் தேதி, லீவு முடிந்து நீ திரும்பிப் போன அன்று காலை. மழை அளக்கும் குழாயை வேலிக்கல்லில் கட்டி, எத்தனை மில்லிமீட்டர் என்று வாசிக்க எனக்குச் சொல்லித் தந்தாய். பிறகு கிணற்றடிக்கு வந்தோம். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, நம் பேச்சில் வெள்ளம் எவ்வளவு என்று தினம் அனுப்பணும், அதை வைத்துத்தான் மண்ணுக்கு எவ்வளவு தாகம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லுவேன், மழை பெய்தால் வெள்ளம் எதுவரைக்கும் ஏறும் என்று அது கணக்குப் போடும் என்றாய். கிணறு நிறைந்து கிடந்தால் மண்ணுக்குத் தாகம் இல்லை, பெய்கிற மழையெல்லாம் ஓடிவிடும். கிணறு வற்றிக் கிடந்தால் மண் குடிக்கும், ஓட்டம் குறையும். எனக்கு அது நன்றாகவே புரிந்தது. இருபது வருஷம் கிணறு வெட்டின ஆளாக்கும் நான்.

அடிக்கணக்கில் எவ்வளவு என்று எழுதினால் நான் டேப்பைத் தொலைத்துவிடுவேன் என்று நீயே சொல்லி, தொடியில் அனுப்பச் சொன்னாய். நம் கிணற்றுச் சுவரில் வெட்டுகல்லை வளையம் வளையமாக வெட்டி இறக்கியிருக்கிறது, ஒரு வளையம் ஒரு தொடி, ஒரு தொடி ஒரு முழம், மொத்தம் பதினாலு. உன் வாத்தியாருக்குத் தொடி என்றால் என்ன என்று விளக்க ஒரு மணி நேரம் ஆனது, அவர் அதை எழுதியே வைத்துக்கொண்டார் என்று பிறகு போனில் சொன்னாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் ஊர்த் தொடி கடல் கடந்துவிட்டது என்று சாயாக்கடையில் சொன்னேன்.

அன்றைக்கு நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உள்ளே பார்த்து, ஏழு என்றேன். நீ உன் அம்மாவைப் போலக் கயிற்றில் பாரம் கட்டி இறக்கித் தூக்கி, நனைந்த கயிற்றை முழம் போட்டு, ஏழு என்றாய். இரண்டு பேரும் ஏழு. நீ நோட்டில் எழுதினாய். சரி, அப்பாவுக்கு எண்ணத் தெரியும் என்று சிரித்தாய்.

மக்கா, நான் மேலேயிருந்து எண்ணினேன்.

கிணறு வெட்டுகிறவன் வேறு எப்படி எண்ணுவான்? மேலேயிருந்துதான் இறங்குகிறோம். முதல் தொடி, இரண்டாம் தொடி, ஏழாம் தொடியில் வெள்ளம் கண்டது, பத்தாம் தொடியில் பாறை தட்டியது, இதுதான் எங்கள் பேச்சு. வாளி போட்டு வெள்ளம் கோரி எடுக்கிறவர்கள் கீழேயிருந்து எண்ணுவார்கள். ஏழு தொடி வெள்ளம் உண்டு, மூன்று தொடி வெள்ளம் உண்டு என்று. முப்பது வருஷம் உன் அம்மாவோடு ஒரே கிணற்றில் வெள்ளம் குடிக்கிறேன், நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்று இந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது. அன்றைக்குக் கிணறு சரிபாதியாக இருந்தது. அதனால் உன் ஏழும் என் ஏழும் ஒன்றாகப் போயிற்று. ஒரு தொடி கூடவோ குறையவோ இருந்திருந்தால் அங்கேயே நாம் இரண்டு பேரும் சண்டை போட்டிருப்போம்.

மறுநாளிலிருந்து நான் அனுப்பிய ஒவ்வொரு எண்ணும் உனக்குத் தலைகீழாகப் போயிற்று.

நீ கேட்காமல் இல்லை. இதையும் எழுத வேண்டும். ஏப்ரலில் கேட்டாய், வெயிலில் கிணறு ஏறுகிறதே அப்பா, கனாலில் வெள்ளம் விட்டிருக்கிறார்களா என்று. விட்டிருந்தார்கள். ஆமா என்றேன். அது பொய் இல்லை. பிறகு ஜூன் கடைசியில் ஒரு வாய்ஸ் அனுப்பினாய். அதை நேற்று அனூஜிடம் திரும்பப் போடச் சொல்லி நாலு தடவை கேட்டேன். “அப்பா, மழைக்கு எதிரா நடக்குது கிணறு. மேலே பாறைமடையில வெள்ளம் இழுக்கிறாங்களா?” என்று கேட்கிறாய்.

மழைக்கு எதிரா நடக்குது என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. கிணறு எப்படி நடக்கும்? மழை ஏற ஏற என் எண் குறைந்துகொண்டே வந்ததைத்தான் நீ சொல்லியிருக்கிறாய். அதைத் திருப்பிக் கேட்டிருந்தால் போதும். என்ன மக்கா சொல்லுகாய், எனக்கு விளங்கல்லியே என்று ஒரு வார்த்தை. கேட்க வெட்கமாக இருந்தது. நீ கம்ப்யூட்டரில் வரைந்த நம் ஊர்ப் படத்தின் மூலையில் என் பெயரைப் போட்டிருந்தாய் அல்லவா, ‘அளந்து தந்தவர்: பொன்னையன், கிணறு வெட்டுபவர்’ என்று. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வைத்துவிட்டது. பெயர் போட்ட ஆள் விளங்கவில்லை என்று சொல்லலாமா? அதனால் பின்பாதிக்கு மட்டும் பதில் சொன்னேன். இழுக்கானுவ, நேரம் காலம் இல்லாம இழுக்கானுவ என்றேன். குன்றின் மேலே பாறை உடைக்கிற அந்தப் பாறைமடைக்காரன் கோடையில்தான் லாரிக்கு வெள்ளம் இழுப்பான். மழை தொடங்கியதும் மோட்டாரைக் கழற்றிவிட்டான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவனைத் திட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் நான் விடுவேனா?

நீ நம்பினாய். கிணறு வெட்டின அப்பன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாய். பூமிக்கு அடியில் வெள்ளம் இறங்கிப் போகிற மாதிரி ஒரு வழி போட்டுவிட்டேன் என்று அப்புறம் சொன்னாய். அதுவும் எனக்கு விளங்கவில்லை. நல்லது மக்கா என்றேன்.

இனி வேதமணி போன அந்த ஞாயிற்றுக்கிழமை. அனூஜ் உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பான், அவன் அப்போது பாறசாலையில் இருந்தான்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, வரப்போகிற மூன்று நாள் மழையை நீ கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து அனுப்பிய படம் வந்தது. நம் குன்று, அதன் அடியில் ஓடுகிற தோடு, வயலும் வாழையுமாகக் கிடக்கிற ஏலா, வீடெல்லாம் சின்னச் சின்னப் பெட்டி. தோடு பெருகி நீலம் பரவி, வேதமணி வீட்டுக்கு இரண்டு ரப்பர் மரம் இப்பால் நின்றுவிடுகிறது. கூடவே எழுதியிருந்தாய், இது என் பாடத்துக்காகச் செய்வது அப்பா, ஊரில் யாருக்கும் காட்டாதீர்கள், வார்டு மெம்பர் சொல்வதைக் கேளுங்கள் என்று. நான் நீலத்தை மட்டும்தான் பார்த்தேன். என் பிள்ளை அங்கே எங்கேயோ, கடல் மட்டத்துக்குத் தாழே கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு எங்கள் ஏலாவில் மழை பெய்ய வைக்கிறாள். முதல் தடவை நீ ஓட்டினபோது தோடு குன்று ஏறிப் போய்விட்டது, நீ அழுதாய், நான் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? அங்கேயிருந்து இங்கே வரைக்கும் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை மழையில் நனைந்து பாறசாலைக்குப் போய், கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் செய்துகொண்டு வந்தேன். சட்டைப் பையில் வைக்கிற அளவுக்கு.

ஞாயிறு காலை எட்டரைக்கு மழை நூற்று முப்பத்தொன்று, தொடி இரண்டு என்று உனக்கு அனுப்பினேன். அந்த இரண்டை நீ எப்படி வாசித்திருப்பாய் என்று இப்போதுதான் தெரிகிறது. கிணற்றில் இரண்டே தொடி வெள்ளம், மண்ணுக்கு இன்னும் பெரிய தாகம். இங்கேயோ கைப்பிடிச் சுவரில் குனிந்தால் முகம் தெரிந்தது.

பத்து மணிக்கு வார்டு மெம்பர் ஸ்கூட்டரில் வந்து, ஏலா ஓரத்து ஏழு வீட்டுக்காரர்களும் பள்ளிக்கூடத்துக்குப் போகணும் என்று சொல்லிப் போனார். ஆறு வீட்டுக்காரர்கள் கிளம்பினார்கள். வேதமணி குடை பிடித்துக்கொண்டு மேலே நம் வீட்டுக்கு ஏறி வந்தான். அன்றைக்குச் சபைக்குப் போகவில்லை, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். நானும் அவனும் சேர்ந்துதான் கிணறு வெட்டினோம், நான் உள்ளே, அவன் மேலே கயிற்றில். அவன் பிடித்த கயிற்றில்தான் நான் இருபது வருஷம் தொங்கினேன்.

“எலே பொன்னையா, உனக்க பிள்ளெ என்ன சொல்லுகா? போணுமா, நிக்கணுமா?” என்று கேட்டான்.

நான் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். அவன் வீடு எது என்று விரல் வைத்துக் காட்டினேன். நீலம் நிற்கிற இடத்தையும் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவனுக்குத் தெரியவில்லை, என் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தான். பள்ளிக்கூடத்துக்குப் போனால் பசுவை என்ன செய்வது என்பதுதான் அவன் கவலை. போகாமலிருக்க ஒரு காரணம் தேடித்தான் வந்திருந்தான். அதை நான் கொடுத்தேன்.

“பேசாம வீட்டுல போயி இரு. வெள்ளம் உனக்க வேலியெத் தாண்டாது. நீது போட்டிருக்கா.”

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவனைப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் தூங்க வைத்தால் பெஞ்சுக்குத்தான் ஆபத்து என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

கட்டின பெண்டாட்டி அல்லவா, ரோசம்மா மாமிக்கு மனம் கேட்கவில்லை. நீதுமோள் வரைந்திருக்கிறாள், பயப்படாதே என்று அவன் சொல்லியிருக்கிறான். படத்தை நம்பாமலில்லை, ஆனால் மழையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லி, ரேஷன் கார்டையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு அவள் மட்டும் போனாள். அவர்கள் மகன் லிஜின் துபாயிலிருந்து போனில் அப்பாவையும் கூப்பிட்டுப் போகச் சொன்னானாம். அவன் கேட்கவில்லை. அவன் கையில் என் வாக்கு இருந்தது.

ஒன்றேகால் மணிக்கு வெள்ளம் வந்தது. தோட்டிலிருந்து வரவில்லை, மக்கா. நாங்கள் எல்லாரும் தோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். குன்றிலிருந்து வந்தது. ரப்பர்த் தோட்டம் ஒரு துளிகூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் அப்படியே துப்பிவிட்டது. ரோடு வழியாக, வீட்டுக்குப் பின்னால், செம்மண் நிறத்தில். நான் நம் முற்றத்தில் நின்று பார்த்தேன். சத்தம் முதலில் வந்தது, லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி. அவன் பசுவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அடுக்களைச் சுவர் விழுந்தது. அப்புறம் நான் எதையும் பார்க்கவில்லை. ஓடினேன் என்று சொல்கிறார்கள். பாதி வழியில் என்னை நம் ஊர்ப் பையன் அஜேஷும் இன்னொருத்தனும் பிடித்து வைத்தார்களாம். எனக்கு ஞாபகம் இல்லை.

நாலு மணிக்கு வாழைத் தோட்டத்தில் கிடைத்தான். நல்லவேளையாக ரோசம்மா அங்கே இல்லை. நான் இருந்தேன்.

பசு பிழைத்துவிட்டது. நம் தொழுவத்தில்தான் நிற்கிறது. உன் அம்மாதான் கறக்கிறாள். காலையில் நான் அந்தப் பக்கம் போனால் என்னையே பார்க்கிறது. நான் வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

இந்த வியாழக்கிழமை வரைக்கும்கூட, மக்கா, நான் உன்னைத்தான் நினைத்தேன். மன்னித்துக்கொள். என் பிள்ளையின் கணக்கு தப்பிப் போயிற்றே, சின்னப் பிள்ளை, படிக்கிற பிள்ளை, தப்பத்தான் செய்யும், அதை ஊருக்குக் காட்டின என் வாயைத்தான் உடைக்கணும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் மேல் பழியைப் போட்டு, உன்னை மன்னித்தும் விட்டிருந்தேன். எவ்வளவு பெரிய மனுஷன் பார்.

வியாழக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை போன கரண்ட் வரவே இல்லை, மோட்டார் ஓடவில்லை, எல்லாம் வாளியும் கயிறும்தான். அம்மாவுக்கு வாளி உள்ளே விழுந்துவிட்டது. பாதாளக் கரண்டியைக் கட்டி இறக்கித் துழாவிக்கொண்டிருந்தாள். நான் எட்டரை மணியாயிற்று என்று நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, இரண்டு என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, நீ போனையே எடுக்கவில்லை, யாருக்கு அனுப்புவது. பழக்கம். அப்போது அவள் வாளியைத் தூக்கி வைத்துவிட்டு, நனைந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “பன்னெண்டு தொடி வெள்ளம் கெடக்கு. என் ஆயுசில கண்டதில்ல.”

என் நோட்டில் இரண்டு. அவள் வாயில் பன்னிரண்டு. ஒரே கிணறு, ஒரே நேரம்.

நான் கல்லில் உட்கார்ந்தேன். என்ன, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். நீ ஜனவரியில் கிணற்றை எப்படி அளந்தாய் என்று அவளிடம் கேட்டேன். கயிறு போட்டுத்தான், நான்தானே சொல்லிக் கொடுத்தேன் என்றாள். ஏழு என்றது வெள்ளமா, வெறும் சுவரா என்று கேட்டேன். வெள்ளம்தான், சுவரை யாராவது எண்ணுவார்களா என்றாள். எண்ணுவார்கள், விலாசினி என்று சொன்னேன். அவள் என் கையிலிருந்து நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். இரண்டு பக்கம் புரட்டினதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மூடிவைத்துவிட்டு, ரோசம்மாவிடம் நீங்கள்தான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன் என்றாள். ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை பெருங்கடவிளைக்குப் போனேன். ரோசம்மா இப்போது அங்கே தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறாள். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டே போனேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான். அங்கே போனதும் பேசிப் பார்த்த ஒன்றும் வரவில்லை. நோட்டைத்தான் நீட்டினேன். மேலேயிருந்து எண்ணினது, கீழேயிருந்து எண்ணினது, ஏழு, எதிரா நடந்தது, பாறைமடை, எல்லாம் சொன்னேன். தங்கச்சியும் அவள் புருஷனும் வாசலில் நின்று கேட்டார்கள். அந்த மனுஷன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

ரோசம்மா நோட்டைக் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிப் பார்த்தாள். பிறகு, “அப்போ பிள்ளெ போட்ட கணக்கு தப்பில்லியா?” என்று கேட்டாள்.

கணக்கு தப்பு இல்லை, நான் கொடுத்ததுதான் தப்பு என்றேன். உள்ளே எழுந்து போய்விட்டாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நேற்றுக் காலை எட்டரைக்கு நோட்டோடு கிணற்றடிக்குப் போனால் அங்கே ரோசம்மா நிற்கிறாள். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். இடிந்த வீட்டைப் பார்த்துவிட்டு ஏறி வந்திருக்கிறாள், சேலைக் கரையெல்லாம் சேறு. அவள் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

“அண்ணே, நீங்க மேலேருந்து எண்ணுங்க. நான் கீழேருந்து எண்ணுதேன். கூட்டினா பதினாலு வரணும். வந்தா மட்டும் பிள்ளைக்கு அனுப்புங்க.”

நான் எண்ணினேன், மூன்று. அவள் கயிற்றை இறக்கித் தூக்கி முழம் போட்டாள், பதினொன்று. இருபது வருஷம் கிணறு வெட்டின ஆளுக்கும், கல்லூரிக்குப் போன பிள்ளைக்கும், கடல் கடந்த வாத்தியாருக்கும் தோன்றாத ஒரு சின்னக் கூட்டல். பதினாலு என்று அவளே நோட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். இன்றைக்கும் சபைக்குப் போகிற வழியில் வந்து அளந்துவிட்டுப் போனாள். இன்றும் மூன்று, பதினொன்று. மழை நாலு மில்லிமீட்டர்.

நேற்று அளந்து முடித்ததும் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “போன ஞாயிறுக்கு சரியான தொடி எண்ணத்தைப் போட்டு ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்க. நீலம் எங்க வீட்டுக்கு வருமா இல்லியான்னு எனக்கு அறியணும்.”

அதைக் கேட்கத்தான் மக்கா இந்தக் கடிதம். மற்றதெல்லாம் அதற்கு வழி.

ஜனவரி ஐந்திலிருந்து நான் அனுப்பிய எண்ணையெல்லாம் அனூஜும் நானும் பதினாலிலிருந்து கழித்துப் புதிதாக எழுதியிருக்கிறோம். இரண்டு தாள் கூட வருகிறது. மே மாதம் மார்த்தாண்டத்தில் கல்யாணத்துக்குப் போன மூன்று நாள் நான் அளக்கவே இல்லை, குத்துமதிப்பாக அனுப்பினேன். அதற்கு நேரே சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன். பாறைமடையில் ஜூனிலிருந்து மோட்டார் இல்லை, நீ பூமிக்கு அடியில் போட்ட வழியை அடைத்துவிடு. இனி உனக்கு விளங்காதது இருந்தால் என்னிடம் கேட்டுவிட்டு நிற்காதே, அம்மாவிடமும் கேள், ரோசம்மா மாமியிடமும் கேள். எனக்கு விளங்காததை இனி விளங்கவில்லை என்றே சொல்வேன். வெட்கப்படுகிற காலம் எனக்கு முடிந்துவிட்டது.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஆறு வீட்டுக்காரர்களும் திரும்பிப் போகலாமா, வேறு இடம் பார்க்கணுமா என்று முடிவு செய்யணும். அவர்கள் உன்னிடம் கேட்கச் சொல்லவில்லை, என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள், அது நியாயம்தான். அந்த விஷயத்தை மெம்பரும் ஆபீஸ்காரர்களும் பார்ப்பார்கள். ரோசம்மா கேட்டதற்கு மட்டும் வேறு யாராலும் பதில் சொல்ல முடியாது. அந்தக் குன்றும் ஏலாவும் உன் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. டிக்கெட் போட்டாயிற்று என்றாய். வீட்டுக்கு வா, எப்போது வேண்டுமானாலும் வா, கதவு திறந்துதான் கிடக்கும். ஆனால் அதை ஓட்டாமல் வராதே.

நீலம் வந்தால், உன் கணக்கு சரி, என் எண்தான் அவனைக் கொன்றது. வராவிட்டால், உன் கணக்கிலும் என்னவோ குறை உண்டு, நீ இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்து அது என்ன என்று படிக்கணும். எது வந்தாலும் அப்பனுக்காக மறைத்து அனுப்பாதே. வந்தபடியே அனுப்பு. இந்தத் தடவை லேமினேஷன் செய்ய மாட்டேன், சாயாக்கடைக்குக் கொண்டுபோக மாட்டேன். நேரே பெருங்கடவிளைக்குக் கொண்டுபோய் ரோசம்மா கையில் கொடுப்பேன். அவள் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன்.

நேற்று சாயங்காலம் உன் அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று வருகிற வழியில் கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். நீலம் வரணும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு ரப்பர் மரத்தையும் தாண்டி, வேலியைத் தாண்டி, அவன் வீடு முழுக்க, கூரை வரைக்கும் நீலம் வரணும் என்று.

நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு. கணக்குப் போடுகிற உன் கைக்கு ஒரு குறையும் வராது.

உன் அப்பா,
பொன்னையன்.